வரலாற்றுத் துறையின் சொற்பொழிவுக்குப் போவது எப்படி? முதன்முறை போகிறவர்களுக்கு

"நாங்கல்லாம் போகலாமா? உள்ளே விடுவாங்களா?"

பல்கலைக்கழக வரலாற்றுத் துறையில் ஒரு சொற்பொழிவு இருக்கிறது, வாருங்கள் என்று யாரைக் கூப்பிட்டாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். போகலாம், விடுவார்கள். அழைப்பிதழின் அடியில் 'அனைவரும் வருக' என்று அச்சடித்திருப்பதை அப்படியே நம்பலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. பட்டம் வேண்டியதில்லை. மாணவராக இருக்க வேண்டியதும் இல்லை.

நான் வரலாறு படித்தவன் அல்ல, கணக்கு எழுதுவது என் தொழில். ஆனாலும் பல ஆண்டுகளாகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்துக்கும் நகரத்தின் வேறு அரங்குகளுக்கும் வரலாற்றுச் சொற்பொழிவு கேட்கப் போய்வருகிறேன். முதல் நாள் வாசலில் கால் மணி நேரம் தயங்கி நின்றேன். உள்ளேயிருந்து வந்த ஆய்வு மாணவி ஒருவர், "வாங்க சார், உள்ள உட்காருங்க, ஃபேன் கிட்ட இடம் இருக்கு" என்று கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தார். அந்த அழைப்பு கிடைக்காமல் வாசலோடு திரும்பிப் போகிறவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சென்னையை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் அது. உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்திலும் நடைமுறை பெரிதாக மாறாது.

என்னென்ன கூட்டங்கள் நடக்கும்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கப்பட்டது. அதன் இந்திய வரலாற்றுத் துறை 1914இல் வந்தது. முதல் பேராசிரியர் சாக்கோட்டை கிருஷ்ணசாமி ஐயங்கார். அவருக்குப் பின் 1929இல் அந்த இருக்கைக்கு வந்தவர் நீலகண்ட சாஸ்திரி. நூறாண்டு தாண்டிய துறை என்பதால் அதைச் சுற்றிப் பலவகைக் கூட்டங்கள் உண்டு. புதியவர் இவற்றைப் பிரித்தறிந்துகொண்டால், எதற்குப் போவது என்று முடிவுசெய்வது எளிது.

பொதுமக்களுக்கு மிகவும் ஏற்றது அறக்கட்டளைச் சொற்பொழிவு. ஒரு குடும்பமோ, பழைய மாணவர்களோ, ஓய்வுபெற்ற பேராசிரியரோ ஒரு தொகையைப் பல்கலைக்கழகத்தில் வைப்பாகப் போட்டுவிடுவார்கள். அதன் வட்டியில் ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு. பேச்சாளரின் மதிப்பூதியம், அழைப்பிதழ் அச்சுச் செலவு, தேநீர் எல்லாம் அந்த வட்டிக்குள் அடங்க வேண்டும். வட்டி விகிதம் குறைந்தால் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடத்துவதும், இரண்டு அறக்கட்டளைகளின் சொற்பொழிவை ஒரே நாளில் வைத்துவிடுவதும் உண்டு. நிதியாண்டு மார்ச் 31இல் முடிவதால் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் இவை அடுத்தடுத்து வரும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த இரண்டு மாதத்தைக் குறித்துவைத்துக்கொண்டால், ஓரிரு வாரத்திலேயே மூன்று நான்கு பேச்சு கேட்டுவிடலாம்.

கருத்தரங்கு வேறு வகை. இரண்டு நாள், மூன்று நாள் நடக்கும், ஒவ்வொருவருக்கும் 15 நிமிடம், கட்டுரை வாசிப்பு. இதற்குப் பதிவுக் கட்டணம் இருக்கலாம். தொடக்க விழா உரையும் மையவுரையும் பெரும்பாலும் எல்லோருக்கும் திறந்திருக்கும். அதை மட்டும் கேட்டுவிட்டு வருவதில் தவறில்லை. பயிலரங்கு என்றால் பயிற்சி. கல்வெட்டு வாசிப்புப் பயிலரங்கு எங்காவது நடந்தால், கட்டணம் கட்டியாவது போங்கள். தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவமான தமிழ்ப் பிராமியை ஒரு நாள் கையால் எழுதிப் பழகியவருக்கு, அதன்பின் கேட்கும் ஒவ்வொரு பேச்சும் வேறு மாதிரி விளங்கும்.

பலருக்குத் தெரியாத ஒன்று, முனைவர் பட்ட ஆய்வாளரின் பொது வாய்மொழித் தேர்வு. பெயரிலேயே 'பொது' இருக்கிறது. ஐந்தாறு ஆண்டு உழைத்த ஒருவர், தன் ஆய்வேட்டை ஒரு மணி நேரத்தில் சொல்லி, புறத்தேர்வாளரின் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். யாரும் போய் உட்காரலாம். ஒரு வரலாற்று முடிவு எப்படிக் குறுக்கு விசாரணைக்கு உள்ளாகிறது என்பதை இவ்வளவு பக்கத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. "இந்தச் சான்றை நீங்கள் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை?" என்று தேர்வாளர் கேட்கும்போது அறை முழுக்க நிசப்தமாகிவிடும். அறிவிப்பு துறையின் பலகையில் ஒரு தாளாக ஒட்டப்பட்டிருக்கும், அவ்வளவுதான். விளம்பரம் இருக்காது.

தேதி எப்படித் தெரியும்

இதுதான் உண்மையான சிரமம். அழைப்பிதழ் பல நேரம் மூன்று நாளைக்கு முன்புதான் தயாராகும். செய்தித்தாளில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் வருவதும் உண்டு, வராமல் போவதும் உண்டு. பல்கலைக்கழக இணையதளத்தை மட்டும் நம்பியிருந்தால் பாதியைத் தவறவிடுவீர்கள்.

எனக்குப் பலன் தந்த வழி இது. ஒரு வேலைநாளில், காலை பதினொரு மணிவாக்கில், துறைக்கு நேரில் போங்கள். அலுவலகத்தில் இருப்பவரிடம், "ஐயா, வெளியாள்தான், சொற்பொழிவு இருந்தா வந்து கேட்க ஆசை, எங்க பார்த்துத் தெரிஞ்சுக்கலாம்?" என்று கேளுங்கள். அறிவிப்புப் பலகையைக் காட்டுவார்கள். இருக்கிற தாள்களைப் படித்துவிட்டு, ஆய்வு மாணவர் யாராவது கண்ணில் பட்டால் பேசுங்கள். அழைப்பிதழைப் படமாக வாட்ஸாப்பில் சுற்றுக்கு விடுகிறவர்கள் அவர்கள்தான். ஒருமுறை அந்தச் சுற்றுக்குள் வந்துவிட்டால் மற்ற கல்லூரி, மற்ற நூலகங்களின் அழைப்பிதழ்களும் தானாக வரத் தொடங்கும்.

புறப்படுவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு போட்டுவிடுங்கள். ஒரு கல்லூரிக்கு ஒன்றரை மணி நேரம் பயணம்செய்து போய், பூட்டிய அரங்கைப் பார்த்துத் திரும்பியிருக்கிறேன். பேச்சாளருக்கு உடல்நலம் சரியில்லை, தள்ளிவைத்தோம் என்று மறுநாள் சொன்னார்கள். அன்று காலை ஒரு நிமிடம் பேசியிருந்தால் அரை நாள் மிஞ்சியிருக்கும்.

அழைப்பிதழைப் படிக்கும் விதம்

முதலில் வளாகத்தைப் பாருங்கள். 'சென்னைப் பல்கலைக்கழகம்' என்று மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினால் வழிதவறும். சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி என்று வளாகங்கள் பல. சேப்பாக்கமும் மெரினாவும் ஒரே கடற்கரைச் சாலையில்தான் இருக்கின்றன, ஆனால் ஒன்றுக்குப் போக வேண்டியவர் இன்னொன்றில் இறங்கினால் வெயிலில் நடக்க வேண்டிவரும். வரலாற்றுத் துறை சேப்பாக்கம் வளாகம். பறக்கும் ரயிலில் வந்தால் சேப்பாக்கம் நிலையத்தில் இறங்கி வாலாஜா சாலை வழியே கடற்கரைப் பக்கம் நடக்கலாம். பேருந்தென்றால் அண்ணா சதுக்கம் நிறுத்தம் பக்கம்தான்.

அடுத்து நேரம். 10.30 என்று போட்டிருந்தால் பேச்சு 10.30க்குத் தொடங்காது. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, அறக்கட்டளை பற்றிய அறிமுகம், பேச்சாளர் அறிமுகம், பொன்னாடை. இவையெல்லாம் முடிந்து பேச்சாளர் ஒலிவாங்கிக்கு வர பதினொன்றேகால் ஆகும். அதற்காகத் தாமதமாகப் போகாதீர்கள். அறக்கட்டளை அறிமுகத்தில் சில நேரம் அருமையான செய்திகள் வரும். ஒரு பேராசிரியரின் மனைவி, கணவர் இறந்தபின் அவருடைய சேமநிதியிலிருந்து எடுத்துக் கொடுத்த பணம் என்று ஒருமுறை சொன்னார்கள். அந்த அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதைக் கேட்டபின் அன்றைய பேச்சைக் கேட்கும் பொறுப்பே வேறாக இருந்தது.

தலைப்பையும் கூர்ந்து பாருங்கள். 'சோழர் காலச் சமுதாயம்' என்ற தலைப்பு எங்கும் போகும். '11ஆம் நூற்றாண்டுக் காவிரிக் கழிமுகத்தில் நில விற்பனை ஆவணங்கள்' என்ற தலைப்பு ஒரே இடத்தில் ஆழமாகத் தோண்டும். புதியவர்கள் முதல் வகையே தமக்குப் பொருத்தம் என்று நினைக்கிறார்கள். என் அனுபவம் நேர்மாறானது. தலைப்பு எவ்வளவு குறுகலோ அவ்வளவு நன்றாகப் பிடிபடும், ஏனென்றால் பேச்சாளர் தன் சான்றை எடுத்து வைத்தே தீர வேண்டும்.

பேச்சு தமிழிலா ஆங்கிலத்திலா என்பது அழைப்பிதழின் மொழியிலிருந்து ஓரளவு தெரியும். ஆங்கிலத்தில் இருந்தாலும் பயப்பட வேண்டாம். கேள்வியைத் தமிழில் கேட்கலாம். பேச்சாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால் மேடையில் யாராவது எடுத்துச் சொல்வார்கள்.

முந்தைய நாள் ஒரு மணி நேரம்

வெறுங்கையோடு போனாலும் ஏதோ கிடைக்கும். ஒரு மணி நேரம் செலவிட்டுவிட்டுப் போனால் கிடைப்பது பல மடங்கு. என்ன படிப்பது? தலைப்பைச் சுற்றி வரலாற்றாசிரியர்கள் எதில் உடன்படவில்லை என்று தேடுங்கள். அந்தச் சண்டை எது என்று தெரிந்துவிட்டால் பேச்சாளர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

சோழ அரசையே எடுத்துக்கொள்வோம். நீலகண்ட சாஸ்திரி 1930களில் எழுதிய சோழர் வரலாறு, மேலிருந்து கீழ்வரை அதிகாரிகளைக் கொண்டு ஆண்ட வலிமையான பேரரசாக அதைக் காட்டியது. 1980இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டெயின் அதை மறுத்தார். சோழ அரசனின் நேரடி அதிகாரம் நடுப்பகுதியோடு நின்றது, வெளியே 'நாடு' எனப்பட்ட ஊர்த் தொகுதிகள் தம்மைத் தாமே ஆண்டுகொண்டன, அரசன் அங்கே சடங்குத் தலைமைதான் என்றார். இந்த இரண்டுக்கும் நடுவே ஜப்பானியரான நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் வேறொரு வேலை செய்தார்கள். கல்வெட்டுகளில் வரும் பெயர்களையும் பட்டங்களையும் வரிச் சொற்களையும் ஊர் ஊராக, காலம் காலமாக எண்ணினார்கள். திருச்சிப் பக்கத்து அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு, வேளாளர் ஊரில் நிலம் கூட்டாக இருந்ததையும் பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரான பிரமதேயத்தில் தனியார் உடைமை இருந்ததையும் கராஷிமா காட்டினார். சோழர் பற்றி எந்தப் பேராசிரியர் இன்று பேசினாலும் இந்த மூன்று வழிகளில் ஏதோ ஒன்றோடு பேசிக்கொண்டிருக்கிறார். இது தெரியாமல் போனால் அரசர் பெயர்களாக மட்டும் காதில் விழும். தெரிந்து போனால் ஒரு வாதத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பீர்கள்.

வாசல் முதல் இருக்கை வரை

ஏதாவது ஓர் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். வாசலில் காவலர் கேட்டால், "வரலாற்றுத் துறை சொற்பொழிவுக்கு வந்திருக்கேங்க" என்று சொல்லி அழைப்பிதழ்ப் படத்தைக் காட்டினால் போதும். குறிப்பேடு, பேனா, தண்ணீர் பாட்டில். கைபேசியைச் சத்தமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். அரங்க வாசலில் ஒரு பதிவேடு இருந்தால் பெயரெழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த நிகழ்ச்சிக்கு உங்களைக் கூப்பிட அது உதவும். வெளியாள்கள் வருகிறார்கள் என்று துறையும் கணக்குக் காட்ட முடியும்.

முதல் இரண்டு வரிசை துணைவேந்தர், பதிவாளர், அறக்கட்டளைக் குடும்பத்தாருக்கு. மூன்றாவது நான்காவது வரிசையின் ஓரம் நல்ல இடம். திரையில் காட்டும் கல்வெட்டு எழுத்தும் வரைபடமும் அங்கிருந்து தெரியும். பின்வரிசையில் உட்கார்ந்தால் ஒலிபெருக்கியின் எதிரொலியோடு போராட வேண்டியிருக்கும்.

பேச்சைப் பதிவுசெய்வதானால் பேச்சாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவர் இன்னும் அச்சுக்குக் கொடுக்காத ஆய்வைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். திரையைப் படமெடுத்து அன்றிரவே பரப்புவது அவருடைய பல ஆண்டு உழைப்பைக் கேட்காமல் எடுத்துக்கொடுப்பது போலாகும்.

எதைக் கேட்பது

இந்தக் கட்டுரையில் நான் மிகவும் சொல்ல விரும்புவது இந்தப் பகுதியைத்தான். சொற்பொழிவில் முடிவுகளைக் குறித்துக்கொள்வது எளிது. முடிவு புத்தகத்திலும் கிடைக்கும். அரங்கில் மட்டும் கிடைப்பது, அந்த முடிவுக்கு அவர் எப்படி வந்தார் என்ற பாதை. எனவே குறிப்பேட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் அவர் சொல்வது, வலப்பக்கம் எதைக்கொண்டு சொல்கிறார் என்பது. வலப்பக்கம் காலியாகவே இருந்தால் அதுவும் ஒரு செய்திதான்.

காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூரை வைத்து விளக்குகிறேன். 'ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழன் தேர்தல் நடத்தினான்' என்று கைபேசியில் வரும் செய்தி எல்லோருக்கும் தெரியும். ஒரு நல்ல பேச்சாளர் இதே செய்தியை எப்படி எடுத்துச் செல்வார் என்று பாருங்கள்.

அந்த ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் இதைச் சொல்லும் கல்வெட்டுகள் இருக்கின்றன. சோழ அரசன் முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில் ஒன்று, 14ஆம் ஆட்சியாண்டில் ஒன்று, அதாவது கி.பி. 919, 921. ஊர் 'குடும்பு' என்ற 30 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்கிறார்கள். அந்த ஓலையை வாங்கும் நடுவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்றுகூட எழுதிவைத்திருக்கிறார்கள். விரல் மூடியிருந்தால் ஓலையை மாற்றிவிடலாம் அல்லவா? இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. யாரோ ஒருவர் அப்படி ஏமாற்றப் பார்த்திருக்கிறார், அல்லது ஏமாற்றுவார் என்று யாரோ ஒருவர் பயந்திருக்கிறார். கல்லில் ஒரு மனிதச் சந்தேகம் ஆயிரம் ஆண்டு தாண்டி நிற்கிறது.

ஆனால் பேச்சு அங்கே நிற்காது. தகுதி என்ன? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது நில அளவு) மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். முன்பு வாரியத்தில், அதாவது ஊர்ச் சபையின் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது. இது பிரமதேய ஊரின் சபை. பெண்கள் இல்லை, நிலமற்றவர் இல்லை, பிற சாதியார் இல்லை. வாக்களிப்பு என்று நாம் இன்று சொல்லும் எதுவும் இல்லை, குடத்திலிருந்து எடுக்கும் சீட்டுதான். கணக்குக் காட்டாதவரை விலக்கும் ஒழுங்கு வியப்பூட்டுகிறது. யாரையெல்லாம் வெளியே நிறுத்தியது என்பதும் அதே கல்லில் எழுதியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்கிறவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு கேள்வி எழும். 919இல் விதி செய்தவர்கள் இரண்டே ஆண்டில் ஏன் திருத்தினார்கள்? முதல் கல்வெட்டில் வயது 30 முதல் 60 வரை, இரண்டாவதில் 35 முதல் 70 வரை. நடுவில் என்ன நடந்தது? கைபேசிச் செய்தி இந்தக் கேள்வியைக் கேட்கவே கேட்காது. வரலாற்றுத் துறை அரங்கில் இதை எழுப்பி, தெரிந்தது இவ்வளவு, ஊகம் இவ்வளவு என்று பிரித்துச் சொல்வார்கள். அந்தப் பிரிப்பைக் காது கொடுத்துக் கேளுங்கள். 'கல்வெட்டு சொல்கிறது', 'இதிலிருந்து கருத முடிகிறது', 'என் எண்ணம்' என்று மூன்று வகை வாக்கியங்கள் வரும். மூன்றும் ஒரே எடையுள்ளவை அல்ல.

பேச்சில் தெரியாத சொல் வந்தால் எழுதிவைத்துக்கொண்டு நகருங்கள். மெய்க்கீர்த்தி, காராண்மை, மைப்படி, கடமை, குடிமை. ஒரு சொல்லில் சிக்கி நின்றால் அடுத்த ஐந்து நிமிடம் போய்விடும். பேச்சு முடிந்து வெளியே வரும்போது ஆய்வு மாணவர் யாரிடம் கேட்டாலும் சொல்வார்.

கேள்வி நேரம்

கேளுங்கள். வெளியாள் கேட்கும் கேள்வியைப் பேச்சாளர்கள் விரும்புகிறார்கள் என்பது என் அனுபவம். ஆனால் அதை எழுதிக்கொண்டு எழுந்திருங்கள், இரண்டு வாக்கியத்துக்குள் முடியுங்கள். நான் முதல் தடவை எழுந்தபோது, நான் படித்ததையெல்லாம் சொல்லிக் கடைசியில் கேள்விக்கு வந்தேன். நேரம் முடிந்துவிட்டது. பேச்சாளர் எதற்குப் பதில் சொல்வதென்று தெரியாமல் நன்றி சொல்லி உட்கார்ந்தார். அந்தப் பதில் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

எந்தப் பேச்சுக்கும் பொருந்துகிற சில கேள்விகள் உண்டு. "இதை எந்தச் சான்றிலிருந்து சொல்றீங்க, அது எங்க இருக்கு?" "இதுக்கு எதிரான சான்று ஏதாவது உண்டா?" "பெண்கள், நிலமில்லாதவங்க இந்த ஆவணத்துல எங்க வர்றாங்க?" "இதே காலத்துல பாண்டிய நாட்டுலயோ கேரளத்துலயோ நிலைமை எப்படி?" கடைசி வகைக் கேள்வி நல்ல பலன் தரும், ஏனென்றால் பேச்சாளர் தயாரித்து வந்ததைத் தாண்டி யோசிக்க வேண்டியிருக்கும்.

உங்கள் ஊர், உங்கள் சாதி, உங்கள் குலதெய்வம் பற்றிய பெருமையை நிலைநாட்டச் சொல்லி மேடையை வற்புறுத்தாதீர்கள். அதே நேரம், உங்கள் ஊர்க் கோயிலில் படிக்கப்படாத கல்வெட்டு இருக்கிறது, வீட்டில் பழைய ஓலைச்சுவடியோ நிலப் பத்திரமோ இருக்கிறது என்றால், அதைக் கேள்வி நேரத்தில் சொல்லாமல் தேநீரின்போது சொல்லுங்கள். அதற்கு மரியாதையான காது கிடைக்கும். ஓலையாகவோ பத்திரமாகவோ இருந்தால், மஞ்சள் தடவுவது, எண்ணெய் போடுவது எதையும் நீங்களாகச் செய்யாமல், அப்படியே படமெடுத்துக் காட்டுங்கள். கல்வெட்டின் மேல் சுண்ணாம்பும் மாவும் பூசி எழுத்தைப் பார்க்க முயலாதீர்கள். சுவரைச் சுத்தம்செய்ய மணலை வேகமாக வீசியடித்ததால் அழிந்துபோன கல்வெட்டுகள் நம் ஊர்க் கோயில்களில் ஏற்கெனவே நிறைய.

தேநீர்

நன்றியுரை, நாட்டுப்பண் முடிந்தவுடன் கிளம்பிவிடாதீர்கள். ஒரு தம்ளர் தேநீர், ஒரு சமோசா, பதினைந்து நிமிடம். மேடையில் கவனமாகப் பேசியவர் அங்கே மனம்விட்டுப் பேசுவார். "இதை நான் இன்னும் எழுதலை, ஆனா..." என்று தொடங்கும் வாக்கியங்களுக்காகவே நின்றிருக்கிறேன். ஆய்வு மாணவர்களோடு பேசுங்கள். ஓர் ஊரின் கல்வெட்டுகளை மூன்று ஆண்டு அலைந்து படித்த பிள்ளையிடம், "அந்த ஊருக்கு எப்படிப் போறது?" என்று கேட்டுப் பாருங்கள். பேருந்து எண் முதல் கோயில் திறக்கும் நேரம் வரை சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்தபின்

அன்றிரவே குறிப்புகளைத் திருப்பி எழுதுங்கள். மறுநாள் என்றால் பாதி அழிந்துவிடும். வலப்பக்கத்தில் எழுதிய சான்றுகளில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, நீங்களே போய்ப் பாருங்கள்.

கல்வெட்டுகளின் மூல வாசகம் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' என்ற தொகுதிகளில் 1890 முதல் அச்சாகி வருகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அதன் இரண்டாம் தொகுதியில். 'நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்' என்று ராஜராஜன் கொடுத்த ஆணையை அச்செழுத்தில் நீங்களே படிக்கலாம். பேரரசன் தன் பெயருக்கு அடுத்தபடியாகத் தன் அக்கா குந்தவையின் கொடையைக் கல்லில் வெட்டச் சொல்கிறான். பேச்சாளர் சொல்லிக் கேட்பதும், நாமே எழுத்துக் கூட்டிப் படிப்பதும் ஒன்றல்ல.

நூல்களுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. 1896இல் திறந்தது. இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படி வந்துசேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். பழைய தமிழ் நூல்கள், இதழ்கள் வேண்டுமென்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், அங்கேயே சொற்பொழிவுகளும் நடக்கும். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த சேகரிப்பு அது. அவர் மறைவுக்குப் பிறகு சிதறாமல் காப்பாற்றப்பட்டு 1994இல் ஆய்வு நூலகமானது. வெளியூர்க்காரர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் வீட்டிலிருந்தே கிடைக்கும். ஆங்கிலேயர் கால ஆவணம் என்றால் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக்காப்பகம். அங்கே உள்ளே போக முறையான அனுமதி வேண்டும், அதற்கு வழி சொல்வதும் துறையில் நீங்கள் பழகிய ஆய்வு மாணவர்தான்.

சேப்பாக்கத்துக்கு அப்பால்

ஆகஸ்டு 22ஐ ஒட்டிச் சென்னை முழுக்கப் பேச்சுகள் நடக்கும். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்த நிலம் கிடைத்த நாளாக அது கொண்டாடப்படுகிறது. புதியவர்களுக்கு அந்த வாரம் நல்ல தொடக்கம், கூட்டம் கலகலப்பாக இருக்கும். பேராசிரியர்களும் ஆர்வலர்களும் ஒரே வாரத்தில் பேசுவதால், சான்றோடு பேசுகிறவரையும் கதையாகப் பேசுகிறவரையும் அருகருகே வைத்துக் கேட்டுப் பழகலாம்.

தஞ்சையில் இருப்பவர்களுக்கு 1981இல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கல்வெட்டியலுக்கும் அங்கே துறை உண்டு. திருச்சி, மதுரை, சிதம்பரம் பல்கலைக்கழகங்களிலும் வரலாற்றுத் துறைகள் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 'நினைவுப் பேருரை' என்ற பெயரில் வரும் அறிவிப்புகளைக் கவனியுங்கள், நாம் அறக்கட்டளைச் சொற்பொழிவு என்று சொல்வதற்கு நெருக்கமானது அது. இந்திய வரலாற்றுப் பேரவை 1935இல் புனேயில் முதலில் கூடியது. அதன் ஆண்டுக் கூட்டம் பெரும்பாலும் டிசம்பர் கடைசியில், ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் ஊரில் நடக்கும். ஐந்தாறு அறைகளில் ஒரே நேரத்தில் கட்டுரை வாசிப்பார்கள். ஓராண்டு சொற்பொழிவு கேட்டுப் பழகியபின் அங்கே போனால்தான் எந்த அறையில் உட்காருவது என்று தெரியும்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: எட்டாம் வகுப்புக்கு மேல் என்றால் தாராளமாக. என் அண்ணன் மகள் ஒன்பதாவது படிக்கும்போது உடன் வந்தாள். உத்திரமேரூர் பற்றிய பேச்சுதான். திரும்பி வரும்போது ரயிலில் ஒன்றும் பேசாமல் வந்தவள், திருமயிலை நிலையம் தாண்டியதும், "சித்தப்பா, அந்தச் சின்னப் பையன் பேரு கல்வெட்டுல இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூருக்குப் போய், கையில் அச்சுப் பிரதியை வைத்துக்கொண்டு, சுவரில் அந்த வரி எங்கே இருக்கிறதென்று விரலால் தேடினோம். மதியம் வரை ஆனது.